எஃப்4 என்று ஒரு பொத்தான்

போன வாரம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண் விண்டோஸ் பொத்தானையும் வி-யையும் சேர்த்து அழுத்தினாள். காலையிலிருந்து அவள் நகலெடுத்த அத்தனையும் ஒரு பெட்டிக்குள் வரிசையாக வந்து நின்றன. நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "இது இத்தனை நாளா இருக்குதா?" என்றேன். "இருக்குதே மேடம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். எனக்குத்தான் அதை அழுத்திப் பார்க்கக் கை பரபரத்தது. வயது நாற்பத்திரண்டு, இன்னும் இந்தப் புத்தி போகவில்லை.

இந்தப் புத்தி பிடித்தது அரூரில், ஒரு டிடிபி சென்டரில். என் முதல் வேலை. சூடான டோனர் வாசனை எங்கே வந்தாலும் நான் மனதால் அந்தக் கடைக்கே போய்விடுவேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான், மும்தாஜ். அவளுக்கும் என் வயதுதான். மவுஸ் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் என்பதால் விசைப்பலகையிலேயே எல்லாம் செய்யப் பழகியவள். ஷிப்டும் எஃப்5-உம் அழுத்தினால் கடைசியாகத் திருத்திய இடத்துக்கே போகலாம் என்று அவள் கண்டுபிடித்த அன்று டீ வாங்கித் தந்தேன். எஃப்4 அழுத்தினால் கடைசியாகச் செய்ததையே மறுபடி செய்யும் என்று நான் கண்டுபிடித்தபோது அவள் நம்பவில்லை. ஒரு திருமணப் பத்திரிகையில் இருந்த தாய்மாமன் பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தடித்த எழுத்தாக்கிக் காட்டினேன். "ஏய், இது மந்திரம்டி!" என்று கத்தினாள். பத்திரிகை அடிக்க வந்தவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

அப்போதுதான் கம்பைநல்லூரிலிருந்து செல்வி வந்தாள். எம்.ஃபில். மாணவி. அவள் ஊரில் கன்னடம் பேசும் வீடுகளும் தமிழ் பேசும் வீடுகளும் கலந்திருக்கும். அந்த அடுப்படிகளில் புழங்கும் சொற்களைப் பற்றி ஆய்வேடு. இரண்டு அத்தியாயங்களை எழுதிக் கொண்டுவந்தாள். மூன்றாவதை எழுதிவைக்க நேரமில்லை. திரைக்கு முன் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல, இரண்டு நாள் நான் தட்டினேன். மறுநாள் மாலைக்குள் சேலத்தில், பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை கேட்டாகிவிட்டது. இனி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை, சேமித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. யுபிஎஸ் இரண்டு தடவை கத்திவிட்டு உயிரை விட்டது. ஒரு மணி நேரம் கழித்து கரண்ட் வந்தது, கோப்பு திறக்கவில்லை. பழுதாகிவிட்டது என்று ஒரே வரி. ஃபிளாப்பியில் முதல் இரண்டு அத்தியாயங்கள்தான் இருந்தன. அதில் மூன்றாவதையும் போட்டுவைக்காதது என் தவறு.

செல்வி கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அக்கா, நான் மறுக்கா சொல்லட்டுங்களா?" என்றாள். இரண்டு வரி சொன்னாள். மூன்றாவது வரி வரவில்லை. துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

கோப்பைத் திறக்கும் பெட்டியை வரவழைத்தேன். அதன் அடியில் கோப்பு வகை என்று ஒரு பட்டியல் உண்டு. அதுவரை நான் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. கீழ் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனேன். எந்தக் கோப்பிலிருந்தும் எழுத்தை மட்டும் மீட்கலாம் என்று ஒரு வரி நின்றது.

"போட்டுப் பாருடி, போறதுக்கு என்னா இருக்குது?" என்றாள் மும்தாஜ்.

போட்டேன். திரை நிறைய வந்து கொட்டியது. எல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ஒரு சொல்லும் தமிழில் இல்லை. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை செல்விக்கு வந்துவிட்டது.

மும்தாஜ் மட்டும் திரைக்குக் கிட்டே குனிந்தாள். எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று விரலை வைத்து வாசித்தாள். "அடியேய், இது 'அம்மா'டி! நாம தட்டுன எழுத்து அப்பிடியே இருக்குது. ஃபாண்டுதான் போயிருக்குது!"

முழுவதையும் தேர்ந்தெடுத்து எங்கள் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தேன். அடுத்த நொடி, ஒரு பக்கம் முழுக்கத் தமிழ்! அடுத்த பக்கம், அதற்கும் அடுத்த பக்கம்! நாங்கள் மூவரும் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் ஓடிவந்து, "என்னாங்கம்மா, ஷாக் அடிச்சிருச்சா?" என்றார்.

தலைப்புகள், பத்திகள் எல்லாம் கலைந்துதான் கிடந்தன. செல்வி இடத்தைக் காட்டக் காட்ட எஃப்4, எஃப்4 என்று தட்டினேன். வாழ்க்கையில் அத்தனை வேகமாக நான் எதையும் செய்ததில்லை. மும்தாஜ் அச்சிட்டு, துளைபோட்டு, சுருள்கம்பி கோத்தாள். நண்பகல் பேருந்தில் செல்வி ஏறினாள். சாயங்காலம் கடைத் தொலைபேசி அடித்தது. "வாங்கிக்கிட்டாங்க அக்கா!" அவ்வளவுதான் சொன்னாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை. அவள் இப்போது கல்லூரி ஆசிரியை.

இன்றைக்குக் கோப்புகள் தாமாகவே இணையத்தில் எங்கோ மேலே சேமித்துக்கொள்கின்றன. தமிழ் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிறது. நல்லதுதான். மும்தாஜ் கல்யாணமாகி ஓசூர் போனாள். ஃபோன் எண் இரண்டு முறை மாறி, பிறகு தொடர்பு விட்டுப்போனது. சென்ற மாதம் அரூர் போயிருந்தேன். சாலையை அகலப்படுத்தியதில் அந்தக் கட்டடமே இல்லை. நாங்கள் மூவரும் கத்திய இடத்தில் சேலம் பேருந்து வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது.