மைனஸ் நாலும் மைனஸ் ஆறும்

எங்கள் அப்பாவுக்கு கீபோர்டில் ஒரே ஒரு சுருதியில்தான் வாசிக்கத் தெரியும். வெள்ளைக் கட்டைகளை விட்டு வெளியே வந்தால் அவர் விரல்களுக்கு வழி தெரியாது. ஆனால் அந்த ரகசியம் வெளியே யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த அந்தக் கீபோர்டில் இருந்த டிரான்ஸ்போஸ் பட்டன். எண்ணைக் கூட்டினால் சுருதி ஏறும், குறைத்தால் இறங்கும். விரல்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். சோம்பேறிகளுக்காகவே கண்டுபிடித்தது என்பாள் அம்மா.

அம்மா முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவள். ஐந்தரைக் கட்டை சுருதி. அப்பாவின் கணக்கில் அது மைனஸ் நாலு. ஒவ்வொரு தடவையும் தேடிப் போட வேண்டாம் என்று, வாத்தியம், தாளம், சுருதி எல்லாவற்றையும் சேர்த்து மெமரியில் ஏற்றிவைத்திருந்தார். ஒன்றை அழுத்தினால் அம்மாவுக்கு, இரண்டை அழுத்தினால் மாமாவுக்கு. இதையும் ஒரு சீட்டில் முத்து முத்தாக எழுதி, செல்லோடேப் போட்டுக் கீபோர்டின் நெற்றியில் ஒட்டியிருந்தார். முதல் வரி: '1 - அம்மா - மைனஸ் 4'.

எனக்கு அப்போது பத்து வயது. வகுப்பு லீடர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் கிடைக்கிற சுகம் எனக்கு மைசூர்பாகில்கூடக் கிடைத்ததில்லை. கரும்பலகையில் டீச்சர் ஒரு புள்ளியை விட்டாலும் எழுந்து நின்று சொல்லிவிடுவேன்.

அந்த வருஷம்தான் அம்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. ஏழெட்டு மாதம் வீட்டில் பாட்டே இல்லை. பாடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அம்மா வாயைத் திறக்கவில்லை. அப்பாதான் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாகக் கீபோர்டை வைத்துக்கொண்டு, "சும்மா ஒரு வரி" என்று கெஞ்சுவார். ஒரு வரி நாலு வரியாகி, ஒருநாள் முழுப் பாட்டும் வந்துவிட்டது.

"பாத்தியா, பழைய சுருதி அப்படியே வந்துடுத்து!" என்று அப்பா குதித்தார். அம்மா சிரித்துக்கொண்டே அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டில் குடியரசு தினத்தன்று சாயங்காலம் மொட்டைமாடியில் விழா நடக்கும். அதில் அம்மா பாடுவதாக முடிவாயிற்று. ஆபரேஷனுக்கு அப்புறம் நாலு பேர் முன்னால் பாடுகிற முதல் பாட்டு. 'தொண்டை போயிடுத்தாமே' என்று மாடி வீட்டு மாமி வேறு விசாரித்துவிட்டுப் போயிருந்ததால், அப்பாவுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா குளிக்கப் போயிருந்தபோது நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றை அழுத்திப் பார்த்தேன். சின்னத் திரையில் மைனஸ் 6 என்று வந்தது. சீட்டைப் பார்த்தேன். மைனஸ் 4. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பாவே தப்புப் பண்ணியிருக்கிறார்! உடனே எண்ணை நாலாக்கி, மெமரி பட்டனை அழுத்திக்கொண்டே ஒன்றை அழுத்தி, சரியாகப் பதிந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தும் வைத்தேன். அம்மாவின் மானம் என் கையால் பிழைத்தது.

"இன்னா பாப்பா, பொட்டி இம்மாங் கனம் கீது?" என்று முனகிக்கொண்டே வாட்ச்மேன் அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

முதல் வரியிலேயே அம்மாவின் புருவம் லேசாக ஏறியது. ஆனாலும் பல்லவி நன்றாகத்தான் வந்தது. அனுபல்லவியும் எப்படியோ கடந்தது. சரணத்தில் பாட்டு மேலே போகும் இடம் வந்ததும் குரல் நூல் அறுந்த மாதிரி நின்றுவிட்டது. அப்பா திரையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பாதிப் பாட்டில் சுருதியை இறக்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். அவர் விரல்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்க, கண்கள் மட்டும் அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தன.

அம்மா ஒரு கணம்தான் தயங்கினாள். மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, "எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதானே? சேர்ந்து பாடுங்கோ!" என்றாள். மாடியே பாடியது. மாடி வீட்டு மாமிதான் எல்லாரையும் விடச் சத்தமாக, எல்லாரையும் விட அபஸ்வரமாகப் பாடினாள். அம்மா கீழ் ஸ்தாயியில் சேர்ந்துகொண்டாள். அத்தனை கைதட்டல் அதற்கு முந்தைய வருஷங்களில் கிடைத்ததில்லை.

"வோல்டேஜ் சரியில்லே. மிஷின் கொஞ்சம் தடுமாறிடுத்து" என்றார் அப்பா, படி இறங்கும்போது.

"ஆமாம், பாவம் மிஷின்" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டார். "நீ ஏதாவது தொட்டியாடி?" நான் சீட்டில் இருந்தபடி திருத்தியதைப் பெருமையாகச் சொன்னேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், தன் கையெழுத்தே தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதை நினைத்தோ என்னவோ, மூடிக்கொண்டார். "அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை எனக்குத் தலை பின்னிக்கொண்டே அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து பால்கனியில நீங்க பேசினது காதுல விழுந்தது. நீ மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணாம் நம்பர்ல என்ன இருந்தது? ஆறுதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலரைக் கட்டைக்கு இறக்கி வெச்சுத்தானே இத்தனை நாளா வீட்டுல வாசிச்சார். முதல் வரியிலேயே தெரியாதா எனக்கு? இத்தனை வருஷம் என்னத்தைக் கத்துண்டேன்? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிண்டிருக்கார். நெனச்சிண்டு சந்தோஷமா இருக்கட்டும். போய் ஆறையே போட்டு வெச்சுடு. அப்பாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாதே."

போய் அழுத்திப் பார்த்தேன். ஏற்கெனவே மைனஸ் 6 என்றுதான் இருந்தது. அப்பா முந்திக்கொண்டிருந்தார். சரி, சீட்டையாவது திருத்துவோம் என்று பேனாவை எடுத்தேன். பின்னாலேயே வந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சீட்டின் கிளம்பியிருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"அது சரியாத்தான் இருக்கு" என்றாள்.

ஆறும் நாலும் எப்படிச் சரியாகும்? அப்பாவுக்கும் கணக்கு வராது, அம்மாவுக்கும் வராது என்று முடிவுகட்டி, இந்த வீட்டில் நான் ஒருத்தியாவது ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்ற பொறுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.