மொட்டையருக்கு நேர்ந்த கிடா

சிங்காரவேலு போட்ட போரில் தண்ணீர் குடிக்காத ஊர் அரியலூர் வட்டாரத்தில் இல்லை. களை பறிக்கும் கூலிக் குடும்பத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, போர்வெல் லாரியில் குழாய் தூக்க ஏறியவர் இன்று அந்த லாரிக்கே முதலாளி. இதை அவரே சொல்வார். கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொல்வார். மகள் பூங்குழலியின் கொல்லை நிலத்தில் போட்ட இரண்டு போரும் வெறும் புழுதியைக் கக்கிய கதையை மட்டும் சொல்ல மாட்டார்.

ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவருக்குச் சொந்த மகள் கொல்லையில் மானம் போனது. மூன்றாவது போருக்கு முன்னால் மொட்டையரிடம் போய் நின்றார்.

மொட்டையர் கொல்லை ஓரத்துப் புங்கமரத்தடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் கருங்கல் சாமி. தலைக்கு மேல் மூன்று அடுக்குக் குடை. காவல் சாமி என்று ஊரே நம்பியதால் மையால் மீசை வரைந்து, இடுப்பில் சிவப்பு வேட்டி சுற்றி, சுருட்டும் வைத்து வந்தார்கள். தண்ணீர் வந்தால் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டார் சிங்காரவேலு. தண்ணீர் வந்தது. பீய்ச்சியடித்த உயரத்தில் பனைமரம் தோற்றது என்பது அவர் கணக்கு.

செட்டிகுளத்திலிருந்து கருங்கிடா வந்து இறங்கியது. பந்தல் போட்டு, சொந்தபந்தமெல்லாம் கூடிய ஞாயிற்றுக்கிழமை காலை, மைத்துனன் அரியமுத்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தபோது நர்மதா வந்தாள். பூங்குழலியோடு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். கறி சாப்பிட மாட்டேன், தலையை மட்டும் காட்டிவிட்டுப் போகிறேன் என்று சொல்லித்தான் வந்திருந்தாள்.

மொட்டையரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினாள். மூன்று சுற்று சுற்றி, தரையில் நெற்றி பட விழுந்தாள். ஒரு கை அரிசி கேட்டு வாங்கி, அவர் முன்னால் கோலம்போல் பரப்பினாள். அவள்மேல் சாமி வந்துவிட்டது என்று எண்ணி ஒருத்தி வேப்பிலை ஒடிக்க ஓடினாள்.

"இவரு எங்க தீர்த்தங்கரருங்கய்யா. அடியில காளை செதுக்கியிருக்கு பாருங்க, ஆதிநாதரு. இருவத்துநாலு பேர்ல இவருதான் மொதல்ல. எறும்பைக்கூட மிதிக்கக் கூடாதுன்னு சொன்னவரு முன்னாடி கிடா வெட்டாதீங்க."

நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு ஆகாது என்று மனைவி கண்ணகி முந்தானையைப் பிசைந்தாள். வெட்டினால் பாவம், வெட்டாவிட்டால் பயம்; இரண்டுக்கும் நடுவில், கறிச்சோற்றுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் ஊர்.

"ஏன் மாமா, கிடாவை மிச்சம் புடிக்க ஆள் செட் பண்ணி கூட்டியாந்தீங்களா?" என்றான் அரியமுத்து.

சிங்காரவேலுவுக்குக் காது சூடாகிவிட்டது. நர்மதா பக்கம் திரும்பிக் கேட்டார்: "நேந்ததைக் குடுக்கலன்னா அவரு கோவிச்சுக்க மாட்டாராம்மா?"

"அவருக்குக் கோவமே கெடையாதுங்கய்யா. ஆசை, கோவம் எல்லாத்தையும் ஜெயிச்சுட்டுதான் இப்படி உக்காந்திருக்காரு. யாருகிட்டயும் எதுவும் வாங்க மாட்டாரு, யாருக்கும் எதுவும் குடுக்கவும் மாட்டாரு."

"அப்ப கொல்லையில தண்ணி வந்தது?"

"அது உங்க வேலைங்கய்யா."

சிங்காரவேலு நிமிர்ந்து உட்கார்ந்தார். எதுவும் கொடுக்காத சாமியை எதற்குக் கும்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"அவரும் நம்மள மாதிரி மனுஷனாப் பொறந்தவருதான். யாரு தயவும் இல்லாம சொந்த முயற்சியில அந்த எடத்துக்குப் போனாரு. நமக்கும் வழி காட்டிட்டுப் போனாரு. அதுக்குத்தான் கும்புடுறோம்."

இத்தனை வருஷமாகச் சிங்காரவேலு சம்பாதித்ததையெல்லாம் மொட்டையர் புண்ணியம், ராசி, ஜாதகம் என்று யார் யார் கணக்கிலோ ஊர் எழுதி வந்தது. இன்று அந்த மொட்டையரே கையை விரித்துவிட்டார். சிங்காரவேலு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? தண்ணி வந்தது என் ஒழைப்பு. சாமியே உரிமை கொண்டாடல. நீ என்னடா? அரிவாளைக் கீழ வையி."

கண்ணகிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நேர்ந்தது நேர்ந்ததுதானே என்றாள். அந்த உயிரையே அவர் பேரில் விட்டுவிடுங்கள், அதைவிடப் பெரிய காணிக்கை இல்லை என்றாள் நர்மதா. தீட்டிய அரிவாளாலேயே கிடாவின் கயிற்றை அறுத்துவிட்டார் சிங்காரவேலு. அதற்குப் பிறகுதான் கண்ணகி முந்தானையை விட்டாள்.

கறிச் சட்டியில் சாம்பார் கொதித்தது. மொட்டையரின் மை மீசையைப் புளி போட்டுத் தேய்த்து அழித்தவர் சிங்காரவேலுதான். சாமியின் வேட்டியை அவிழ்த்தபோது பெண்கள் எல்லாரும் புங்கமரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். நர்மதா பாலும் இளநீரும் சந்தனமும் ஊற்றினாள். உள்ளேயிருந்து வேறொரு முகம் வந்தது. மீசைக்கு அடியில் இத்தனை நாளும் ஒரு சிரிப்பு இருந்திருக்கிறது. கறி இல்லை என்று முணுமுணுத்தபடியே அரியமுத்து மூன்றாம் முறை பாயசத்துக்கு டம்ளரை நீட்டினான்.

கிடா எங்கும் ஓடவில்லை. அரிசிக் கோலத்தைத் தின்று முடித்துவிட்டு, சிவப்பு வேட்டியின் ஓரத்தைக் கடித்து மெல்லத் தொடங்கியது.

"மொட்டையரும் நானும் ஒரே ரகம். ரெண்டு பேரும் சொந்தக் கால்ல நின்னு மேல வந்தவங்க" என்று சிங்காரவேலு பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"ஆனா அவரு பெருமை பேச மாட்டாருங்கய்யா" என்றாள் நர்மதா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அதான் தெரியுதே. அவருக்கும் சேத்துதான் நான் பேசுறேன்."