வகுபடாத வீட்டு மாப்பிள்ளை

என் அக்கா கணவர், அதாவது அத்தான், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது ஆபீசுக்காக. மீட்டர் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்ப்பது தனக்காக. எண் இரண்டால் வகுபட்டால் அந்த வீட்டார் யாருக்கும் வளைந்து கொடுப்பார்களாம். மூன்றால் வகுபட்டால் நாய் இருக்குமாம். இதுவரை நாலு நாய் கடித்திருக்கிறது, நாலும் மூன்றால் வகுபடாத வீட்டு நாய்கள். மனிதர் அசரவில்லை. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண் என்றால் மட்டும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்.

எங்கள் வீட்டு மீட்டர் எண் 1270889. அதைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அது பகா எண்தானா என்று அறிய, 1127 வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். மொத்தம் நூற்றியெண்பத்தெட்டு. ரீடிங் சீட்டுகளின் பின்பக்கம், சீட்டுக்கு முப்பதாக எல்லாவற்றையும் எழுதி, சீட்டுக்குச் சீட்டு கிளிப் மாட்டிக்கொண்டு, எங்கள் மீட்டர் பக்கத்தில் குந்தி எட்டு நாள் வகுத்தார். அவர் வீட்டிலேயே வகுத்திருக்கலாமே என்று கேட்கக்கூடாது. எங்கள் வீட்டில்தானே அக்கா குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்!

எட்டாம் நாள் அப்பாவிடம், "சார், உங்க மீட்டர் பகா எண்" என்றார்.

அப்பா பயந்துபோய், "புதுசு மாத்தணுமா?" என்றார்.

"ஐயோ, மாத்திடாதீங்க சார். பொண்ணைக் குடுங்க."

கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷமாக, "உடையாத நம்பர் வீட்ல பொண்ணு எடுத்தவன் நான்" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் உயிரை வாங்கினார். போன வாரம் பொறுக்க முடியாமல் அந்த எண்ணை என் போனில் தட்டினேன். 127 பெருக்கல் 10007. உடனே ஓடிப்போய்க் காட்டினேன். அற்ப சந்தோஷம்தான், ஒளிப்பானேன்.

அத்தான் பீரோவிலிருந்து பழைய சீட்டுக் கட்டை எடுத்தார். முதல் சீட்டு 113-இல் முடிந்திருந்தது. இரண்டாம் சீட்டின் முதல் வரி மேல் கிளிப் உட்கார்ந்திருந்தது. கழற்றினால், துருக்கறைக்கு அடியில் 127. வகுக்கவே இல்லை.

"மச்சான், பொய் சொல்லிக் கட்டிட்டேன்டா உங்க அக்காவை."

அன்று அவர் சாப்பிட வரவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சாயங்காலம் சீட்டும் கையுமாக அவரே அக்காவிடம் போனார். அவள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, உங்க மீட்டர்... அது பகா எண் இல்ல. நூத்தியிருபத்தேழால வகுபடுது."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நீங்க வந்த ரெண்டாவது நாளே நானும் போட்டுப் பார்த்தேன். மீதியே வரல."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா மூணாவது நாள் வந்திருப்பீங்களா?"

அத்தான் மடித்து வைத்த துணி மேலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா திட்டவில்லை.