கொளஞ்சியப்பர் என்னைக் கோர்ட்டுக்கு அனுப்பினார்

கையில் கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரியில் நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கப் போனேன். டம்ளர் விரலுக்குள் நிற்கவில்லை. கீழே விழுந்து உருண்டது. அப்போதுதான் அழுதேன். நாற்பத்தெட்டு வயது ஆள், மனைவி பார்த்துக்கொண்டிருக்க, சமையல்கட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன்.

என் பெயர் சுப்ரமணியன். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் அச்சு ஊற்றுகிற வேலை பார்த்தேன். கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்துப் பொம்மையை வெளியே எடுக்க வேண்டும். ஈரம் ஏறிய அச்சு நல்ல கனம். வலது கை சரியில்லாதவனுக்கு அங்கே இடமில்லை. என் மனைவி மல்லிகா அதே யூனிட்டில் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிறாள். எங்கள் இரண்டு பேர் சம்பாத்தியத்தில்தான் வீடு ஓடியது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசிக் கடைசி. கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்கு ஆர்டர் குவிந்திருந்த நேரம். வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். இருட்டவில்லை. ரோட்டோரமாகத்தான் வந்தேன். பின்னால் வந்த கார் இடித்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கண் விழித்தபோது வலது கை முழங்கையிலும் மணிக்கட்டிலும் தகடு வைத்திருந்தார்கள்.

நான் பேச முடியாமல் கிடந்த அந்த நாட்களில் கார்க்காரர் தரப்பு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், சைக்கிளில் வந்தவர் திடீரென்று குறுக்கே திரும்பிவிட்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. கேள்வி கேட்க எங்கள் பக்கம் யாரும் இல்லை. மல்லிகா அதன் நகலை வாங்கி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். ஓரமாகப் போனவனை இடித்துத் தள்ளிவிட்டு, பழியையும் அவன் தலையிலேயே கட்டுவது எந்த ஊர் நியாயம்? தப்பு உங்கள் மீதுதான், இழப்பீடு கிடையாது என்று இன்சூரன்ஸ் கம்பெனியும் கைவிரித்துவிட்டது.

இன்னொரு ஆபரேஷன் செய்தால் விரல்கள் ஓரளவு மடங்கும், ஆனால் இனி அச்சு தூக்க முடியாது என்றார் டாக்டர். அந்த இழப்பீடு வந்தால்தான் ஆபரேஷன், அது வந்தால்தான் வேறு ஏதாவது தொழில். வராவிட்டால் ஆயுசு முழுக்க மல்லிகாவின் கூலியில் உட்கார்ந்து தின்ன வேண்டும். இதுதான் என் நிலைமை.

எங்கள் ஊர்ப் பக்கம் மனுஷனிடம் நியாயம் கிடைக்காதவர்கள் எங்கே போவார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூரில் இருக்கிற கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் பிராது கொடுக்கலாம். நம் பெயர், ஊர், எதிராளி யார், என்ன குறை என்று தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்துப் பூஜை செய்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். குறை தீர்ந்ததும் மறுபடி போய், பிராதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். கோர்ட்டு மாதிரியேதான். ஆனால் வாய்தா கிடையாது.

மல்லிகா எழுத, நான் சொன்னேன். கார் ஓட்டிய டிரைவரின் பெயர் போலீஸ் நகலில் இருந்தது. பிரபு, சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஊர். "தப்பு என்மேல் இல்லை, அவன்மேல்தான் என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும் சாமி." இதுதான் நான் கேட்டது. கட்டிவிட்டு வெளியே வந்தபோது பாரம் இறங்கினாற்போல இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய காரியம். ஒன்றுமே செய்யவில்லை. சாமியிடம் பிராது கொடுத்த பிறகு வக்கீலிடம் போனால் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்கே ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வந்து, கேஸை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வெறும் தாளில் கைநாட்டுக் கேட்டிருந்தார். அதிலிருந்தே அந்தப் பக்கம் போக எனக்குப் பயம். மல்லிகா தினமும் கத்துவாள்.

"கோர்ட்டுக்குப் போங்க, கோர்ட்டுக்குப் போங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? சாமி வந்து வக்காலத்துல கையெழுத்துப் போடுமா?"

"மேல் கோர்ட்டுல கேஸு நடக்குது. கீழ் கோர்ட்டுக்கு எவனாவது போவானா?" என்பேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு வர்ணம் அடிக்கப் போய்விடுவாள்.

தை போயிற்று, மாசி போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பங்குனி உத்திரக் கூட்டம் எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு காலை நேரம், சாமிக்கு ஒரு தரம் ஞாபகப்படுத்திவிட்டு வரலாம் என்று தனியாகக் கிளம்பினேன். முன்னே கொடுத்த பிராது என்ன ஆயிற்று என்று கேட்டு இன்னொரு பிராது! மல்லிகா வர மறுத்துவிட்டாள். எனக்கோ பேனா பிடிக்க வராது. கோயிலில் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்து தன்னுடைய பிராதை எழுதிக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் எனக்கும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். சிரித்த முகமாகத் தாளை வாங்கிக்கொண்டார்கள்.

நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள். பாதியில் பேனா நின்றுவிட்டது.

"ஆக்சிடெண்ட் எப்பண்ணே நடந்தது?"

"ஐப்பசிக் கடைசிம்மா."

விரல் விட்டு எண்ணினார்கள். "கேஸு போட்டாச்சா?"

"அதான் இங்க போட்டிருக்கனே."

"இது இல்லண்ணே. கோர்ட்டுல. இப்ப இருக்குற சட்டத்துல ஆறு மாசத்துக்குள்ள போட்டுடணும். உங்களுக்குக் கெடு முடியப்போவுது."

அப்போதுதான் அவர்கள் மடியில் மடித்து வைத்திருந்த கறுப்புக் கோட்டைக் கவனித்தேன். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஏம்மா, நீங்களே வக்கீலா இருந்துக்கினு இங்க வந்து பிராது எழுதுறீங்க?"

"என்னுது கோர்ட்டுல தீர்ற வெவகாரம் இல்லண்ணே. அதனால இங்க வந்தேன். உங்களுது கோர்ட்டுல தீர்றது. நீங்க ஏன் அங்க வரல?"

"சாமிகிட்ட சொல்லிட்டு மனுஷங்ககிட்ட போனா, சாமிய நம்பாத மாதிரி ஆயிடுமேம்மா."

"கை ஒடைஞ்சப்ப ஆஸ்பத்திரிக்குப் போனீங்க இல்ல? அப்ப சாமி கோவிச்சுக்கிச்சா?"

மேற்கொண்டு என்ன எழுத வேண்டும் என்று கேட்டார்கள். 'சீக்கிரம் ஒரு வழி காட்டு சாமி' என்று முடிக்கச் சொன்னேன். எழுதிவிட்டுத் தாளை நீட்டினார்கள். "போய்க் கட்டிட்டு வாங்க. வழி வெளிய ஆட்டோவுல உக்காந்திருக்கும்" என்றார்கள்.

ஆட்டோவில் போகும்போதே சொன்னார்கள், கோர்ட்டு வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அதன் மூலமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள், அந்த வக்கீல்களில் தானும் ஒருத்தி என்று. கெடு முடிவதற்குள் என் மனு கோர்ட்டில் ஏறிவிட்டது. அந்தச் சாயங்காலம் மல்லிகாவிடம் சொன்னபோது, "நான் சொன்னப்ப கேக்கல. சாமி ஆட்டோ வெச்சு அனுப்புனாத்தான் போவீங்க" என்றாள். அவள் சொன்னதில் பாதி கிண்டல், பாதி பக்தி.

கேஸ் உடனே முடியவில்லை. வருஷம் ஒன்றுக்கு மேல் ஆயிற்று. கையைப் பரிசோதித்து ஊனச் சான்று வாங்கினோம். யூனிட் முதலாளி என் வேலையைப் பற்றி வந்து சொன்னார். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. ஆனால் ஒரே ஒரு முடிச்சு அவிழவில்லை. இடித்ததைப் பார்த்த மூன்றாம் மனுஷர் யாரும் கிடையாது. குறுக்கே வந்தார் என்கிற அந்தப் பழி அப்படியே நின்றது. இன்சூரன்ஸ் தரப்பு தன் சாட்சியாக டிரைவர் பிரபுவையே அழைத்திருந்தது. "அவரு என்னா சொல்றாரோ அதுலதான் இருக்குது. தயாரா இருங்கண்ணே" என்றார்கள் வக்கீலம்மா. பொய்தான் சொல்லப்போகிறான் என்று எனக்கு நிச்சயம். அவன் சாட்சி சொல்ல வரும் நாள் காலையில் விபூதி பூசிக்கொண்டபோது சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை எப்போதோ கேட்டாயிற்று.

கூண்டில் ஏறிய ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லியான ஆள். இன்சூரன்ஸ் வக்கீல், சைக்கிள் எப்படிக் குறுக்கே வந்தது என்று சொல்லச் சொன்னார்.

"குறுக்க வரலிங்க" என்றார் பிரபு. "அவரு ஓரமாத்தான் போய்க்கினு இருந்தாரு. நான்தான் செல்போனப் பாத்துக்கினே ஓட்டுனேன். தப்பு என்னுதுங்க."

அந்த வக்கீல் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார். பதில் மாறவில்லை. யாராவது மிரட்டினார்களா என்று ஜட்ஜம்மாவே கேட்டார்கள். "இல்லிங்கம்மா. நானாத்தான் சொல்றேன்." மல்லிகா என் இடது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்ட அதே வார்த்தை. அவர் வாயாலேயே.

வெளியே வராந்தாவில் அவரே எங்களைத் தேடி வந்தார். எதிரே நின்றாரே ஒழிய என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏம்பா சொன்ன?" என்று கேட்டேன்.

"கோர்ட்டு சம்மனுக்கெல்லாம் நான் பயப்படலண்ணே. கார் மொதலாளி சொன்ன மாதிரியே சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் இருந்தேன். போன மாசம் சேத்தியாத்தோப்பு சந்தையில உங்க வூட்டுல அக்கா எங்கம்மாவப் பாத்திருக்காங்க. கொளஞ்சியப்பர்கிட்ட உன் புள்ள பேர எழுதிக் கட்டியிருக்குதுன்னு சொல்லிட்டாங்க. அன்னையிலேர்ந்து எங்கம்மா நான் வாங்கியாந்த எதையும் தொடுறதில்ல. சோறு வேற அடுப்புல. உண்மைய சொல்லிட்டு வா, அப்புறம் என்னை அம்மான்னு கூப்புடுன்னுட்டாங்க."

நான் மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பிறந்த ஊர் சேத்தியாத்தோப்பு. சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்ததை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே பிரபுவுக்கு வேலை போயிற்று. அவர் மீது கேஸும் வரலாம் என்று வக்கீலம்மா சொன்னார்கள். அதையும் தெரிந்துகொண்டுதான் கூண்டில் ஏறியிருக்கிறார். அதைக் கேட்டபோது, இத்தனை மாதமாக நெஞ்சில் வைத்து வளர்த்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இப்போது அவர் பெண்ணாடத்துக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார்.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. டம்ளர் இப்போது கையில் நிற்கிறது. அச்சு தூக்க முடியாதுதான். வீட்டு முன்பக்கம் சிறியதாக ஒரு கடை போட்டிருக்கிறேன். அகல், உண்டியல், கொலு பொம்மை வைத்து விற்கிறேன். மல்லிகா வர்ணம் அடித்ததற்கு நானே வாயார விலை சொல்லி விற்பதில் ஒரு பெருமை இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுக்கக் கோயிலுக்குக் கிளம்பினோம். பிரபுவுக்கும் சொல்லி அனுப்பினேன். தன் அம்மாவோடு வந்தார். எனக்கு இன்னமும் நீளமாக எழுத வராது. வழக்கமாக மல்லிகாதான் எழுதுவாள். அன்று பேனாவைப் பிரபுவிடம் கொடுத்தேன். எதிராளி கையாலேயே ராஜினாமா எழுதுவதை அங்கே இருந்தவர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லையாம்.

"எழுதுப்பா. எனக்கும் பிரபுவுக்கும் இனிமே எந்தக் குறையும் இல்லன்னு எழுது."

அவர் எழுதவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "நெசமாவாண்ணே?" என்றார்.

"சாமி எதிர்ல உக்காந்துக்கினு பொய் சொல்லுவனா? எழுது."

பேனாவை வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். அவர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

அன்பர்களே, நான் படித்தவன் இல்லை. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். பிரபு வாயால் உண்மை வர வேண்டும் என்று நான் கேட்டேன். சாமி அதைக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அந்த வாய் திறப்பதற்கு ஒரு இடம் வேண்டாமா? நான் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் பிரபு யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்? வக்கீலம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிப் போனதும் சாமிதான். உங்களுக்கும் இப்படி ஒரு கஷ்டம் வந்திருந்தால், வெறும் தாளில் கையெழுத்துக் கேட்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். கெடு தாண்டவிடாதீர்கள். கோர்ட்டில் இலவச உதவி இருக்கிறது, கேளுங்கள். அதற்கு முன்னால் சாமியிடம் சொல்லிவிடுங்கள். நான் அவரை நம்பினேன். ஆனால் அவர் மனுஷர்களை வைத்துத்தான் வேலை செய்வார் என்பதை நம்பவில்லை. இப்போது இரண்டையும் நம்புகிறேன். நீங்களும் நம்புங்கள்.