மேலடுக்கில் ஒளித்த புத்தகம்

எங்கள் ஊர் எழுமலைக்குப் பெரிய நூலகம் கேட்டு மனு எழுதித் தர வேண்டும் என்று என் அத்தை மகளின் பேத்தி வந்து நின்றாள். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவள். "உள்ள உக்கார எடமில்ல தாத்தா. பாதிப் பேரு படிக்கட்டுலதான் உக்காந்து படிக்கிறோம். இருக்கிற ஒத்தப் புஸ்தகத்தையும் எவனாச்சும் ஒளிச்சு வச்சுர்றான்" என்றாள்.

ஊர் வளர்ந்துவிட்டது, கணினி வேண்டும், பெண்களுக்குத் தனி மேசை வேண்டும் என்று காரணங்களை எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றை மட்டும் எழுதவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் நூலகம் மாட்டாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. இரண்டே பெஞ்சு. வருகிற ஒரு செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துப் பெரியவர்கள் படிப்பார்கள். தன் தாளை முடித்தவர் எழுந்து போக மாட்டார், அடுத்தவர் கையில் இருப்பதற்காகக் காத்திருப்பார். பிள்ளைகள் நாங்கள் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நின்றுகொண்டே படிப்போம்.

அத்தையும் அவர் மகளும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். எங்கள் இருவருக்கும் பன்னிரண்டு வயது. மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்க உதவித்தொகை தரும் தேர்வுக்கு இருவர் பெயரும் போயிருந்தது. எங்கள் பள்ளியிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள். அவளுக்குக் கிடைக்காவிட்டால் படிப்பு அத்தோடு நின்றுவிடும் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை.

தேர்வுக்கான கணக்குப் புத்தகம் நூலகத்தில் ஒன்றுதான் இருந்தது. வீட்டுக்குத் தர மாட்டார்கள், நோட்டில் பெயர் எழுதிவிட்டு அங்கேயே படிக்க வேண்டும். நான் தினமும் போய் அதை முடித்துவிட்டேன். வீட்டு வேலை போக அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம் இருந்தது. ஆனால் கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரு சனிக்கிழமை அந்தப் புத்தகத்தை மேலடுக்கில், யாரும் தொடாத வேளாண்மைத் துறை அறிக்கைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வந்தேன்.

மறுநாள் அவள் அலமாரி முழுக்கத் தேடினாள். "இங்கனதான் கெடக்கும், நல்லாப் பாரு ஆத்தா" என்றார் நூலகர். பெஞ்சில் இருந்த ஒருவர், "காலு மொளச்சு உசிலம்பட்டிச் சந்தைக்குப் போயிருச்சு போல. மாடு வாங்கிட்டுத்தான் திரும்பும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நூலகர் சிரிக்கவில்லை. "ஒளிச்சவன் யாருன்னு மட்டும் தெரியட்டும், பேரை வெட்டிர்றேன், பெறகு உள்ளயே விட மாட்டேன்" என்றார். நானும் அவளோடு குனிந்து கீழ் அடுக்குகளில் தேடினேன். ஒளித்ததைவிட இதுதான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

உதவித்தொகை எனக்குக் கிடைத்தது. அவள் பள்ளியை விட்டு நின்று களையெடுக்கப் போனாள்.

நான் மதுரைக்குப் புறப்பட்ட அன்று என் பெட்டியை அவள்தான் பஸ் நிறுத்தம் வரைக்கும் தூக்கி வந்தாள். பஸ் கண்ணில் பட்டதும் சொன்னாள்: "அந்தப் புஸ்தகம் மேல, ரிப்போர்ட்டுக்குப் பின்னால இருந்துச்சு. ரெண்டாவது ஞாயித்துக்கெழமையே பாத்துட்டேன்."

"பெறகு ஏன் எடுத்துப் படிக்கல?" என்றேன்.

"எடுத்தா எங்கன இருந்துச்சுன்னு லைப்ரரிக்காரரு கேப்பாருல்ல. நோட்டுல கடேசியா ஒம் பேருதான் இருக்கு. வெட்டிருவாரு. பெறகு நீ எங்கிட்டுப் போய்ப் படிப்ப?"

பஸ் கிளம்பியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை என்பதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. கண்ணில் பட்ட புத்தகத்தை எடுக்காமல் அங்கேயே விட்டவள் சரியான மக்கு என்று உசிலம்பட்டி வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு தூங்கிவிட்டேன்.