காலர் அக்காவின் ஒன்பது போல்ட்டு

ஒன்பது போல்ட்டு. இந்த எண்ணை மறக்காதீர்கள்.

சட்டைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் காலர் தைப்பவர் அவர். எல்லோருக்கும் காலர் அக்கா. வீட்டிலிருந்து கம்பெனிக்கு எட்டு கிலோமீட்டர். பழைய சைக்கிள், தேய்ந்துபோன முழங்கால். ஏழு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். இந்த மாதம் இரண்டு நாள் தாமதம். மூன்றாவது தாமதத்துக்குப் பேக்கிங் பிரிவு. அங்கே நாள் முழுக்க நின்றபடி வேலை. நிர்வாகம் அதை இடமாற்றம் என்னும். அந்த முழங்காலைக் கேட்டால், வெளியே போ என்கிறார்கள் என்று சொல்லும்.

அக்கா சைக்கிளுக்கு என்ஜின் கிட் வாங்கினார். இரண்டு கைக்குள் அடங்கும் என்ஜின், பெட்ரோல் டப்பா, ஒரு செயின். பின்சக்கர ஸ்போக்குகளில் ரப்பர் வைத்து ஒன்பது போல்ட்டால் இறுக்கும் பல்சக்கரம். சைக்கிள் கடைக்காரர் மாட்டினார். தெருமுனை தாண்டவில்லை, செயின் கழன்றது. மறுபடி மாட்டினார், மறுபடி கழன்றது.

“பழைய வீலு அக்கா, கோணிக்கிட்டுக் கிடக்கு. நான் என்ன பண்றது?” என்று கையை விரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறைத் தரையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார் அக்கா. பெயின்டர் வேலை பார்க்கும் கணவர் எட்டிப் பார்த்தார்.

“ஏரோப்பிளேன் எப்ப கிளம்புது? சொன்னா ஜன்னலைச் சாத்திருவேன்.”

“முதல்ல வாயைச் சாத்துங்க. வந்து இதைப் பிடிங்க. வீல் கோணியிருந்தா பிரேக் கட்டை உரசணும்ல? உரசலையே, ஏன்?”

தையல் சாக்கட்டியை சக்கர விளிம்பில் லேசாக வைத்துச் சுற்றினார். கோடு முழு வட்டமாக விழுந்தது. பல்சக்கரத்தில் வைத்தார். ஒரு பக்கம் மட்டும் கீறல்.

“வீல் மேல தப்பே இல்ல! இதுதான் கோணல். கடைக்காரர் போல்ட்டை எப்படி முறுக்குனாரு?”

“ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையாத்தான். கடையில நானும் பக்கத்துலதானே நின்னேன்.”

அக்கா சிரித்துவிட்டார். “காலரை ஒரு முனையிலேருந்து ஊசி குத்திட்டே போனா என்னாகும்? துணி நகர்ந்து நகர்ந்து அடுத்த முனையில முறுக்கிக்கும். நடுவுல குத்திட்டுத்தான் முனைக்குப் போகணும். ரப்பரும் அப்படித்தானே நகர்ந்திருக்கும்?”

ஒன்பதையும் தளர்த்தினார். எதிரெதிராக இறுக்கலாம் என்றால், ஒன்பதில் எந்தப் போல்ட்டுக்கும் நேர் எதிர் கிடையாது. விரல்விட்டு எண்ணினார். ஒன்று, ஐந்து, ஒன்பது, நாலு, எட்டு…

“நாலு நாலா தள்ளிப் போனா எல்லாமே வந்துருது, பாருங்க!”

“அட, ஒண்ணுகூட விட்டுப்போகலையே!” கணவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று, திரும்பத் திரும்ப. இப்போது பல்சக்கரத்திலும் கோடு முழு வட்டம்.

திங்கட்கிழமை நாலு மிதி மிதித்து கிளட்சை விட்டார். என்ஜின் இருமியது, பிடித்துக்கொண்டது. செயின் கழலவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் குனிந்து பார்த்தார். “என்னம்மா இது, சைக்கிளா, பைக்கா?”

“பாதி பாதி. நேரத்தை எழுதுங்கண்ணே.”

எழுதினார்: 6.41.