டீச்சர் கழற்றிய கைக்கடிகாரம்

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன் வீடு வீடாகப் பெற்றோரைப் பார்க்க வந்த டீச்சர் அவர். கைத்தறிப் புடவை, நெற்றியில் சந்தனக் கீற்று. பேசுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைப்பார். அவசரமில்லை என்று அர்த்தம். அதை நம்பித்தான், மகள் பரீட்சை பயத்தில் தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவதைச் சொன்னேன்.

"பேடிக்கண்டா அம்மா, பயப்பட வேண்டாம். நமக்குள்ள இருக்கட்டும்" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

மறுவாரம் பெற்றோரும் பிள்ளைகளும் கூடிய கூட்டத்திலும் கடிகாரத்தைக் கழற்றினார். "பேரு பறயில்லா. கரமனை அக்ரஹாரத்திலே ஒரு குட்டி..." என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அந்த வகுப்பில் அக்ரஹாரத்துப் பெண் என் மகள் மட்டும்தான்.

வாசலில் என் கையைப் பிடித்து, "பேரு சொல்லலையே?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கள்ளமே இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

மகள் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள்: "நீ எதுக்கும்மா அவாகிட்டச் சொன்னே?"